மூன்றாம் கேள்வியும் நான்காம் கேள்வியும்

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், தங்கை மகன் இலங்கை மலைநாட்டில் அவன் வேலை செய்யும் கம்பளை ஊரிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான். நனைந்த சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன், தேத்தண்ணி வருவதற்குள் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். போட்டோக் கொப்பி. ஆறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு சின்னப் பெட்டிகள்.

"மாமா, இதுல கோடு போட்டுக் குடுத்தாத்தான் முழுக்கு. முழுக்கு எடுத்தாத்தான் கல்யாணம்."

பெண் கம்பளைப் பக்கம். குடும்பமே ஒரு கிறிஸ்தவச் சபையில் இருக்கிறது. முழுக்கு என்றால் அங்கே தண்ணீரில் இறங்கி எடுக்கும் ஞானஸ்நானம். பிள்ளையை எனக்கும் பிடிக்கும். எங்கள் பையன் சைவப் பிள்ளையாக வளர்ந்தவன். மாசியில் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டியவன். தாளில் நாலு கேள்விகளில் அவனுக்குச் சிக்கலில்லை. கடவுள் ஒருவர்தானா, குடியை விடுவாயா என்ற மாதிரிக் கேள்விகள். மூன்றாவதும் நான்காவதும்தான் இடித்தன.

மூன்றாவது: இயேசு கிறிஸ்து மனிதனாக வந்த கடவுள் என்று விசுவாசிக்கிறீர்களா? நான்காவது: உங்கள் பாவத்துக்குரிய தண்டனையை அவர் உங்களுக்குப் பதிலாகச் சிலுவையில் அனுபவித்தார் என்று விசுவாசிக்கிறீர்களா?

என்னிடம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அம்மா வழி மெதடிஸ்ட். தங்கை கல்யாணத்தோடு சைவக் கோயில் பக்கம் போய்விட்டாள், நான் மெதடிஸ்ட் ஆலயத்திலேயே இருந்துவிட்டேன். தோட்டப் பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் எடுத்தேன். ஆள் பற்றாக்குறையில் சில வருஷம் சைவ பாடமும் நானேதான் எடுத்தேன், அதில் படித்தது பிள்ளைகளைவிட நான்தான். அதனால் வீட்டில் சாமி விஷயத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் பாதிப்பேர் சொல்லும் வழி ஒன்று உண்டு: "கோட்டைப் போட்டுட்டுப் போடா, கல்யாணம் முடியட்டும்." அதை அவனே ஒதுக்கிவிட்டான். தண்ணீருக்குள் நின்று ஆயிரம் பேர் முன்னால் பொய் சொல்ல முடியாது என்றான். ஆயிரம் பேர் எல்லாம் வர மாட்டார்கள், இருந்தாலும் அவன் சொன்னது சரி. மிச்சம் இருப்பது நான்கு சேர்க்கைகள்: ஆம் ஆம், ஆம் இல்லை, இல்லை இல்லை, இல்லை ஆம். கடைசியானது நிற்கவே நிற்காது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மூன்றாவது கேள்வி. அதன் பலத்தைப் பார்க்காமல் பலவீனத்தைப் பேசுவது நியாயமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா எப்போதும் மேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் பள்ளத்தில். துரை குதிரையில் வந்தால் குடையை மடக்கிக்கொண்டு மழையில் ஓரமாக நிற்க வேண்டும் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் துரை ஒருநாள் பங்களாவைப் பூட்டிவிட்டு, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் குடிவந்து, விடியக்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, அட்டைக் கடி வாங்கி, கொழுந்து குறைந்த நாளில் அரைநாள் கூலியான அரைப்பேர் போட்டுக்கொண்டு திரும்பினால்? யோவான் தன் நூலின் முதல் அதிகாரத்தில் வார்த்தை மாம்சமாகி நமக்குள் வாசம்பண்ணியது என்கிறார். அந்த 'வாசம்பண்ணினார்' என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் கூடாரம் போட்டுத் தங்கினார் என்பது. லயத்தில் குடியேறினார் என்று நான் வகுப்பில் சொல்வேன். 1854-ல் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர் வைத்துக்கொண்டு மலைக்கு வந்தவர்களுடைய செய்தியில், எங்கள் ஆட்களில் ஒரு பகுதியினரின் மனதைத் தொட்டது இந்த இடமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். எந்தத் துரையும் செய்யாததைக் கடவுள் செய்தார் என்ற பேச்சு.

பையன் உடனே, "அப்ப ராமர், கிருஷ்ணர் மாதிரி அவதாரம்தானே மாமா, எனக்கு அதுல என்ன?" என்றான்.

அவ்வளவு லேசில்லை. ஒன்று, அவன் சைவன். சைவ சித்தாந்தத்தில் சிவன் கருவில் தங்கிப் பிறப்பதில்லை. பிறவா யாக்கைப் பெரியோன் என்று சிலப்பதிகாரமே சொல்லிவிட்டது. குருவாக வருவார், வடிவம் எடுத்துக் காட்டுவார், தாய் வயிற்றில் பத்து மாதம் இருக்க மாட்டார். பிறந்தால் வினையும் கூடவே வரும் என்பது கணக்கு. ஆகவே மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' போடுவது ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஒன்றுக்கு இன்னொரு பெயர் வைப்பது ஆகாது. அவன் அப்பா வழிச் சமயம் வேண்டுமென்றே மூடிவைத்த கதவு அது. இரண்டு, கிறிஸ்தவர்கள் சொல்வதும் வந்துபோகும் அவதாரம் இல்லை. சென்னையில் வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனையாளர் சக்கரை, அவதாரம் என்ற சொல்லைத் துணிந்து எடுத்துக்கொண்டவர். அவரே, மற்ற அவதாரங்கள் வேலை முடிந்ததும் திரும்பிவிடுகின்றன, இது திரும்பாத அவதாரம், எடுத்த மனித நிலையை விடவே இல்லை என்று வேறுபடுத்தினார். ராமர் மாதிரி என்று சொல்லி இந்தப் பெட்டியில் கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஏமாற்றம்தான்.

இதைக் கேள்வி கேட்டவர்கள் கிறிஸ்தவத்துக்குள்ளேயே முதலிலிருந்து இருந்தார்கள். நாலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, குமாரன் படைப்புகளிலேயே முதன்மையானவர், ஆனால் பிதாவுக்குச் சமமானவர் இல்லை என்றார். எங்கள் பாஷையில் சொன்னால், வந்தவர் துரைக்குக் கீழே ஆட்களை நடத்தும் பெரிய கங்காணி, துரை இல்லை. 325-ல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று எழுதினார்கள். சரி, துரையேதான் என்றால் அடுத்த கேள்வி வருகிறது: அவர் நிஜமாகவே தொழிலாளியா, இல்லை ராத்திரி யாருக்கும் தெரியாமல் பங்களாவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறாரா? இதற்கு 451-ல் கல்கேதோனில் ஒரு பதில் எழுதினார்கள். இரண்டு தன்மைகள், ஒரே ஆள். கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, விலகலின்றி. நாலும் 'இன்றி'. இதைச் சுற்றிப் போட்ட வேலி என்று சொல்லலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த வேலி சொல்வதில்லை.

அந்த வேலிக்குள் சுவிசேஷமே கல் எறிகிறது. அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்குத்தான் தெரியும், குமாரனுக்கும் தெரியாது என்று மாற்கு 13-ல் இயேசுவே சொல்கிறார். என் பிதா என்னிலும் பெரியவர் என்கிறார் யோவான் 14-ல். கெத்செமனேயில் பயந்து வியர்க்கிறார். எல்லாம் அறிந்தவர் எப்படி ஒன்றை அறியாமல் இருப்பார்? தம்மைத் தாமே வெறுமையாக்கினார் என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியதைக் காட்டிப் பதில் சொல்வார்கள். வெறுமையாக்கினால் மிச்சம் இருப்பது கடவுளா என்று திரும்பக் கேட்கலாம். நாற்பது வருஷமாக நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். விடை கிடைத்ததென்று சொன்னால் பொய்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மூன்றாவது கேள்வி என் மூளையைத் தான் இடிக்கிறது, மனச்சாட்சியை இடிப்பதில்லை. கடவுள் இப்படிச் செய்திருந்தால் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடும், குறையாது. நான்காவது அப்படி இல்லை.

தோட்டத்து ஆட்களுக்கு நான்காவது கேள்வியை விளங்கவைக்க அகராதி வேண்டாம், 'துண்டு' போதும். இந்தியாவிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த கங்காணி, வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாவற்றையும் ஆள் பேரில் கடனாக எழுதுவார். தோட்டம் இறங்கும்போதே கடன்காரன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. புதுத் தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுப்பார். கடன் தீர்ந்ததா? பழைய இடத்தில் தீர்ந்தது, புது இடத்தில் அதே கடன் புதுப் பக்கத்தில் ஏறியது. 1921-ல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை நிறுத்தினார்கள்.

நீங்கள் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், நீங்கள் உங்களுடையவர்கள் அல்ல என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை முதன்முறை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது துண்டுதான். தப்பாக நினைக்காதீர்கள், பவுல் எழுதிய உலகத்தில் அடிமைச் சந்தை கண்முன் இருந்தது, மீட்பு என்ற சொல்லே ஆள் விடுவிக்கக் கட்டும் பணத்திலிருந்து வந்தது. ஒநேசிமு என்ற அடிமைக்காக எழுதிய கடிதத்தில், அவன் உமக்குப் பட்ட கடனை என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று சொன்ன அதே பவுல். அது அழகு. ஆனால் உவமையைச் சட்டமாக்கினால் கேள்வி கிளம்பும்: பணம் யாருக்குக் கட்டப்பட்டது?

பழைய ஆட்கள் பலர் பிசாசுக்கு என்றார்கள். நாலாம் நூற்றாண்டு ஆயர் நிசாவின் கிரகோரி தூண்டில் உவமை ஒன்று சொன்னார்: மனித உடல் இரை, உள்ளே மறைந்த தெய்வத் தன்மை முள், விழுங்கிய பிசாசு மாட்டிக்கொண்டான். கேட்க ரசமாகத்தான் இருக்கும், கடவுள் ஏமாற்றுக்காரராகிவிடுவார். 1098 வாக்கில் இங்கிலாந்தின் கன்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம், பிசாசுக்கு என்ன உரிமை இருக்கிறது, கடன் கடவுளுக்குத்தான், மனிதன் அவருடைய மானத்தைக் குறைத்துவிட்டான் என்றார். யாருக்கு எதிராகக் குற்றம் என்பதைப் பொறுத்துக் குற்றத்தின் அளவு. எல்லையில்லாதவருக்கு எதிரான குற்றம் எல்லையில்லாதது. கட்டவேண்டியவன் மனிதன், கட்டமுடிந்தவர் கடவுள், ஆகவே கடவுள்-மனிதன். கணக்கு பிசகாமல் வருகிறது. ஆனால் அது குடையை மடக்கச் சொன்ன உலகத்தின் கணக்கு. பக்கத்து லயத்து ஆளுக்கு முன்னால் குடை பிடித்தால் குற்றமில்லை, துரைக்கு முன்னால் பிடித்தால் குற்றம் என்பதும் அதே தராசுதான். அதற்குப் பிறகு பதினாறாம் நூற்றாண்டில், சட்டம் படித்த புரொட்டஸ்தாந்துச் சீர்திருத்தவாதி கல்வினின் கையில் கடன் தண்டனையாக மாறியது. பையன் கொண்டுவந்த தாளில் இருப்பது அந்த வடிவம்.

இதற்கு எதிராக எழுந்த கேள்விகளில் கூர்மையானது சொசீனுஸ் கேட்டது. இத்தாலியில் பிறந்து போலந்தில் வாழ்ந்தவர், பதினாறாம் நூற்றாண்டு. கடன் கட்டப்பட்டால் மன்னிக்கப்படவில்லை, மன்னிக்கப்பட்டால் கட்டப்படவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். கடை வீதியில் இதை எல்லோருக்கும் தெரியும். என் கடன் கொப்பிக் கணக்கை அண்ணன் வந்து கட்டிவிட்டால் முதலாளி என்னை மன்னித்தார் என்று யாராவது சொல்வார்களா? அவர் காசு அவருக்கு வந்துவிட்டது. இரண்டாவது, காசைக் கைமாற்றலாம், குற்றத்தைக் கைமாற்ற முடியாது. ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1793-ல் இதை எழுதினார். அவருக்கு வெகுகாலம் முன்னால் எசேக்கியேல் 18-ம் அதிகாரம் சொல்லிவிட்டது: பாவம் செய்தவனே சாவான், தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை, மகனுடையதைத் தகப்பன் சுமப்பதில்லை. கம்பளைப் பள்ளிவாசலில் கேட்டாலும், யார் சுமையையும் இன்னொருவர் சுமப்பதில்லை என்று குர்ஆனிலிருந்து இதையே சொல்வார்கள். அவர்களுக்கு ஈஸா நபி என்ற இயேசு கடவுளும் இல்லை, சிலுவையில் இறந்தவரும் இல்லை, ஆகவே இரண்டு கேள்வியும் ஒரே வீச்சில் போய்விடும்.

இரத்தம் சிந்தாமல் மன்னிப்பு இல்லை என்று எபிரெயர் நிருபம் சொல்கிறதே என்று சபையில் மடக்குவார்கள். அந்த வசனத்தை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அதன் முன்பகுதியில் 'கொஞ்சங்குறைய' என்று ஒரு சொல் இருக்கிறது: கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினால் சுத்திகரிக்கப்படும். அந்தக் கொஞ்சம் எது? லேவியராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் கிடைக்கும். ஆடு கொண்டுவர முடியாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் எப்பா என்ற பழைய அளவில் ஒன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவந்தால் போதும், அவன் பாவம் மன்னிக்கப்படும். மாவில் எங்கே இரத்தம்? ஏழைக்குக் கடவுள் விலை குறைக்கிறார், மாவுக்கே மன்னிப்புக் கொடுக்கிறார். இந்த இடத்தைப் படித்துக் காட்டியபோது பையன் சிரித்துவிட்டான். முனியாண்டிக்குக் கடா வெட்ட வசதியில்லாத வருஷம் அவன் ஆச்சி சேவலோடு நிறுத்தி, அதற்கும் முடியாதபோது பொங்கலோடு முடித்தது அவனுக்கு ஞாபகம் வந்ததாம்.

இயேசுவும் சிலுவைக்கு முன்னாலேயே மன்னித்துக்கொண்டு திரிந்தவர்தான். கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனிடம் காசும் கேட்கவில்லை, இரத்தமும் கேட்கவில்லை. கெட்ட குமாரன் கதையில் தகப்பன் தூரத்தில் கண்டதுமே ஓடுகிறான், மூத்தவனை அடித்துவிட்டு இளையவனை ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது எதிர்ப்பக்கத்தின் நல்ல பதிலையும் சொல்லிவிட வேண்டும், சபைப் பாஸ்டர்கள் இதைச் சொல்வது குறைவு. சொசீனுஸ் கடனைக் கட்டியது மூன்றாம் ஆள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறார். கிறிஸ்தவம் சொல்வது, கட்டியது முதலாளியே என்பது. கடை முதலாளி என் கணக்கைக் கிழித்துப் போட்டால் அந்த நட்டம் எங்கே போகிறது? அவர் தலையில்தான். மன்னிப்பு என்றால் மன்னிப்பவன் நட்டத்தைச் சுமப்பதுதான். வீட்டில் குடிகாரப் புருஷனை மன்னித்த எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் அதன் விலை தெரியும். சிலுவையைக் கடவுள் தம் தலையில் ஏற்றுக்கொண்ட நட்டம் என்று பார்த்தால் எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் நட்டம் வேறு, தண்டனை வேறு. முதலாளி கணக்கைக் கிழித்து நட்டப்படுகிறார், தன்னைத் தானே பிரம்பால் அடித்துக்கொள்வதில்லை. தாளில் இருப்பது 'தண்டனை' என்ற சொல்.

இல்லை ஆம் என்ற சேர்க்கை ஏன் நிற்காது என்பது இங்கேதான் தெரிகிறது. மூன்றாவதுக்கு இல்லை என்று சொல்லி நான்காவதுக்கு ஆம் போட்டால், கடவுள் யாரோ ஒரு நல்ல மனிதனைப் பிடித்து நமக்காக அடித்தார் என்று ஆகிவிடும். அதைவிட அநியாயம் கிடையாது. நான்காவது முழுக்க மூன்றாவதின் மேல் சாய்ந்து நிற்கிறது. மூன்றாவதுக்கு நான்காவது தேவையில்லை.

அப்படியானால் தண்டனை இல்லாமல் சிலுவைக்கு என்ன அர்த்தம் என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு ஒரு சம்பவம் சொன்னேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைத் தேடி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போயிருந்தேன். அந்தி நிறுவை. பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். எங்கள் லயத்து அக்கா ஒருத்திக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், ஆனாலும் மலைக்கு வந்துவிட்டாள், கூடையில் பாதிகூட இல்லை. நிறுத்தால் அரைப்பேர்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. குனிந்து தன் கூடையிலிருந்து இரண்டு கைக் கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டார். பின்னால் நின்றவர் இரண்டு கை. அவருக்குப் பின்னால் நின்றவரும். கணக்கப்பிள்ளை பார்த்தார், பார்க்காத மாதிரி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். தராசில் ஏறும்போது அக்கா கூடை சரியாக இருந்தது. முழுப்பேர். அன்றைக்கு எங்கள் அம்மாவுக்கு எத்தனை றாத்தல் குறைந்தது என்று நான் கேட்கவில்லை. ஈரக் கொழுந்தின் வாசம் மட்டும் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அங்கே யாரும் தண்டனை வாங்கவில்லை. யார் கோபத்தையும் தணிக்கவில்லை. சுமை பங்கு போடப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரிஸில் அபெலார் என்ற இறையியலாளர் சொன்னது இதற்குக் கிட்டத்தில் வரும்: சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனிதனின் உள்ளே அன்பை மூட்டுகிறது, விடுதலை அதுதான். அதற்கும் குறை சொல்வார்கள், வெறும் முன்மாதிரி போதுமா, முன்மாதிரியைப் பார்த்துத் திருந்தாதவன் என்ன ஆவான் என்று. குறை உண்மைதான். இன்னொரு பக்கம், சாவையும் தீமையையும் உள்ளே இறங்கி வென்றார் என்று பழைய சபைப் பிதாக்கள் பாடியது. 1930-களில் சுவீடன் நாட்டு இறையியலாளர் ஆவுலேன் அதைத் தூசு தட்டி எடுத்தார். உலகம் எரியாமல் இருக்க ஆலகாலத்தை எடுத்து விழுங்கிய நீலகண்டனைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு இது ஒன்றும் புதிராக இருக்காது. அந்த விஷத்துக்கு விலை யாருக்கும் கட்டப்படவில்லை, கழுத்து மட்டும் கறுத்தது.

சைவத்திலிருந்து இன்னொரு கதையையும் நான் இங்கே இழுத்தே ஆக வேண்டும். வந்திக் கிழவிக்காகச் சிவன் கூலியாளாக மதுரைக்கு வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்று, மண் சுமந்து, வேலை செய்யாமல் தூங்கியதற்குப் பாண்டியனிடம் பிரம்படி வாங்கிய கதை. கூலி என்று கூப்பிடப்பட்ட எங்களுக்குக் கடவுளே கூலியாக வந்த கதை என்றால் சும்மாவா. அந்த அடி எல்லா உயிரின் முதுகிலும் விழுந்தது, அடித்த பாண்டியன் முதுகிலும். தாளில் இருக்கும் நான்காவது கேள்வியில் எல்லாருக்கும் விழ வேண்டிய அடி ஒருவர் மேல் விழுகிறது. மதுரையில் ஒருவர் மேல் விழுந்த அடி எல்லார் மேலும் விழுகிறது. இரண்டில் எது மனிதனை இன்னொருவனை அடிக்காமல் தடுக்கும் என்று யோசித்தால் என் ஓட்டு மதுரைக்கு. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது: மண் சுமந்தவர் ஒரு கூடை மண்ணோடு மறைந்துவிட்டார். சிலுவை நின்ற கல்வாரியில் இருந்தவர் செத்தார். பங்களாவுக்குத் திரும்பாதவர் யார் என்று கேட்டால் பதில் வேறு பக்கம் போகும்.

இந்தக் கேள்விகளுக்கு இந்த மலையில் பழைய சரித்திரம் உண்டு. அவன் வேலை செய்யும் கம்பளையிலேயே 1871-ல் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் மேடை போட்டு வாதாடினார்கள். பௌத்தத் தரப்பில் பேசிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர்தான் 1873 ஆகஸ்ட்டில் பாணந்துறையில் நடந்த பெரிய வாதத்திலும் பேசியவர். நம்ம காலத்திலும் ஆள் இருந்தார். கத்தோலிக்கக் குரு திஸ்ஸ பாலசூரிய, ஆதிப் பாவம் என்ற கோட்பாட்டையும் அதன்மேல் கட்டிய மீட்புப் பேச்சையும் கேள்வி கேட்டு எழுதியதற்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்த ஜனவரியில் அந்தத் தடை நீங்கியது. எல்லோரும் பிறக்கும்போதே கடன்காரர்கள் என்ற முதல் வரியைத் தொட்டால் மொத்தக் கணக்கும் ஆடும் என்று அவரும் அறிந்திருந்தார், ரோமும் அறிந்திருந்தது. தோட்டம் இறங்கும்போதே கடன் என்ற வரியைப் போலத்தான்.

சரி, எந்தப் பெட்டி?

ஆம் ஆம் என்று மனதாரச் சொல்ல முடிந்தவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். குடியில் அழிந்துகொண்டிருந்த ஒரு ஆள், உன் தண்டனை முடிந்துவிட்டது என்ற ஒரே வாக்கியத்தில் எழுந்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஆளிடம் போய்ச் சொசீனுஸ் பேச எனக்கு வாய் வராது. ஆனால் எங்கள் பையன் அந்த நிலையில் இல்லை. அவன் இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறான். அந்தச் சுளிப்போடு தண்ணீரில் இறங்கக் கூடாது.

இல்லை இல்லை என்பதும் மானமான வழி. இயேசுவைக் குருவாக வைத்துக்கொண்டு, மலைப்பிரசங்கத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம். எங்கள் லயங்களில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாதா படமும் அந்தோனியார் படமும் தொங்குவது புதிதில்லை. தமிழர்களுக்கு இந்த வழியில் ஒரு முன்னோடியும் உண்டு: திருவேங்கடம் என்ற தமிழர் இங்கிலாந்து போய், வில்லியம் ராபர்ட்ஸ் ஆகி, திரும்பி வந்து 1795-ல் சென்னையில் யூனிற்றேரியன் சபை தொடங்கினார், கடவுள் ஒருவரே, இயேசு மனிதர் என்ற சபை. அந்த மாதிரிச் சபை எதையும் நான் இந்த மலையில் கண்டதில்லை. ஆகவே இந்தப் பெட்டிகளில் கோடு போட்டால் முழுக்கு இல்லை, பதிவுத் திருமணம்தான். சட்டத்தில் தடையில்லை, அவரவர் சமயத்தோடு பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போடலாம். பெண் வீட்டில் எவ்வளவு தாங்குவார்கள் என்பதுதான் கேள்வி.

என் சாய்வு ஆம் இல்லை பக்கம். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மூன்றாவது கேள்வியை நிக்கேயா, கல்கேதோன் மாதிரி ஆயர் சங்கங்கள் கூடி எழுதி முத்திரை வைத்தன. நான்காவதை எந்தப் பொதுச் சங்கமும் எழுதவில்லை. நிக்கேயா விசுவாசப் பிரமாணத்தில் இருப்பது, மனிதராகிய நமக்காகவும் நம் மீட்புக்காகவும் வந்தார், நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பது மட்டுமே. 'நமக்காக'. 'நமக்குப் பதிலாகத் தண்டனை' என்று இல்லை. எப்படி 'நமக்காக' என்பதை ஆயிரத்து எழுநூறு வருஷமாகத் திறந்தே விட்டிருக்கிறார்கள். ஆகவே மூன்றாவதை ஏற்று நான்காவதை ஏற்காதவன் கிறிஸ்தவத்துக்கு வெளியே இல்லை, அந்தத் தாளுக்குத்தான் வெளியே. பழைய சபைகளில் ஞானஸ்நானம் எடுக்கும்போது சொல்வது விசுவாசப் பிரமாணத்தைத்தான், அந்தப் போட்டோக் கொப்பியை இல்லை. நானே அப்படித்தான் இருக்கிறேன். ஆராதனையில் ஒரு பாட்டில் பிதாவின் கோபம் தணிந்தது என்று ஒரு வரி வரும், அந்த வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பழகிவிட்டது.

ஆனால் இது எனக்குப் பொருந்திய வழி. மூன்றாவதுக்கு ஆம் சொல்ல அவனுக்கு இன்னும் வரவில்லை என்றால் இதையும் எடுக்கக் கூடாது. பதிவை இப்போது வை, முழுக்கைத் தள்ளிப் போடு, பெண்ணிடம் இரண்டு கேள்வியையும் தனித்தனியாகப் பேசு என்றேன். இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே பொட்டலமாக வாங்காதே என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் கொஞ்சம் பயந்துதான் போனேன், பிள்ளை மனதைக் கெடுத்துவிட்டான் மாமன் என்று பேச்சு வரப்போகிறதோ என்று. அவள் அடுப்படியில் என் மனைவியோடு ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, அந்த மா கொண்டு வாற ஏழை, அது எந்த அதிகாரம்னு சொன்னீங்க?"

லேவியராகமம் ஐந்து, பதினோராம் வசனம் என்றேன்.

"நான் அந்தத் தாள்ல கோடு போட்டப்ப எனக்குப் பதினாலு வயசு. எல்லாத்துக்கும் ஆம் போட்டேன். யாரும் படிச்சுப் பாருன்னு சொல்லல." கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். ரொட்டியை மனைவிதான் திருப்பிப் போட்டாள்.